நோய்ப்பட்டு மீண்ட குதிரையை வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே கவலையைச் சுற்றியே இருக்கின்றன. நோயின் பெயரைக் கேட்டதுமே குதிரையை வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ‘இப்போது சரியாகிவிட்டது’ என்ற பேச்சை நம்பிப் பணத்தையும் எடுத்துவிடாதீர்கள். நோய் ஏன் வந்தது, உடம்பில் எதை விட்டுச் சென்றது, நீங்கள் கொடுக்கப்போகும் வேலை அந்த இடத்தின் மீது பாரம் ஏற்றுமா? என் பதில்கள் இவற்றிலிருந்தே தொடங்குகின்றன.

கேள்வி: ஒன்பது வயதுப் பெண் குதிரை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கடும் வயிற்றுவலிக்காக அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. நிதானமான சவாரிக்கு மட்டும் வாங்க நினைக்கிறேன். துணியலாமா?

துணியலாம், காகிதங்கள் ஒத்துவந்தால். அறுவை சிகிச்சைக்குப் பின் வலி திரும்பும் ஆபத்து முதல் சில மாதங்களில்தான் அதிகம். இரண்டு ஆண்டுகள் வலியின்றிக் கழிந்திருந்தால் நல்ல அறிகுறி. ஆனால் அது உரிமையாளரின் வாய்ச்சொல்லாக மட்டும் இருக்கக் கூடாது. சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். சிறுகுடலில் ஒரு பகுதியை வெட்டி இணைத்திருந்தால், குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல். பெருங்குடல் இடம் மாறியதால் வந்த வலி என்றால், அது மறுபடியும் இடம் மாறக்கூடும். வயிற்றின் அடியில் நடுக்கோட்டில் ஓடும் தழும்பை விரலால் தடவிப் பாருங்கள். மெத்தென்று புடைத்திருக்கும் இடம் குடலிறக்கமாக இருக்கலாம். லாயத்தில் சற்று நேரம் நின்று கவனியுங்கள். மரச்சட்டத்தைப் பல்லால் பிடித்துக் காற்றை உள்ளிழுக்கும் பழக்கம் உள்ள குதிரைக்குச் சில வகை வயிற்றுவலிகள் வரும் ஆபத்து அதிகம். காப்பீடு எடுப்பதாக இருந்தால், வயிறு சார்ந்த செலவுகளை நிறுவனம் விலக்கிவிடுமா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: லாமினைட்டிஸ் என்னும் குளம்பு அழற்சி நோய் ‘ஒரே ஒரு முறைதான்’ வந்ததாக விற்பவர் சொல்கிறார். நடையில் இப்போது குறை எதுவும் தெரியவில்லை.

எத்தனை முறை வந்தது என்பதைவிட ஏன் வந்தது என்பதே எனக்கு முக்கியம். குளம்புக்குள் இருக்கும் எலும்பை மெல்லிய இலை போன்ற திசுக்கள்தாம் குளம்புச் சுவரோடு பிணைத்துத் தாங்குகின்றன. அவை அழற்சியால் தளர்ந்தால், குதிரையின் முழு எடையும் அழுத்தி, எலும்பின் நுனி அடிப்பக்கம் நோக்கிச் சாய்ந்துவிடும். சாய்ந்த எலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பல மாதக் குளம்புப் பராமரிப்பு தேவைப்படும். சில குதிரைகளில் அது முழுமையாக நடப்பதே இல்லை.

குட்டி ஈன்றபின் நஞ்சுக்கொடி தங்கியதாலோ கடுமையான தொற்றினாலோ வந்திருந்தால், காரணம் நீங்கிவிட்டது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் பெரும்பாலான குதிரைகளுக்கு அடிப்படை இன்சுலின் கோளாறுதான். கழுத்தின் மேல்விளிம்பு கெட்டியாகத் தடித்து, வால் வேரில் கொழுப்பு திரண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். பதினைந்து வயதைத் தாண்டிய குதிரைக்கு ரோமம் உதிராமல் நீண்டு சுருண்டிருந்தால் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் கோளாறையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும். இரண்டையும் இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும்.

குளம்பைக் கழுவிவிட்டு உட்கார்ந்து பாருங்கள். தீனி மாறினாலும் பருவம் மாறினாலும் எந்தக் குதிரைக்கும் குளம்பில் வளையங்கள் விழும். ஆனால் அவை சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கும். லாமினைட்டிஸ் கண்ட குளம்பில் அவை முன்புறம் நெருங்கியும் குதிகால் பக்கம் விரிந்தும் ஓடும். அடிப்பக்கத்தில், குளம்புச் சுவரும் உள்ளங்குளம்பும் சேரும் இடத்தில் ஓடும் வெள்ளைக்கோடு அகன்றிருக்கும். ‘ஒரே முறை’ என்று சொன்ன குதிரையின் குளம்பில் இப்படிப் பல பட்டைகள் தெரிந்தால், குளம்பு சொல்வதையே நம்புங்கள். பக்கவாட்டு எக்ஸ்ரே இல்லாமல் விலை பேசவே வேண்டாம்.

உங்கள் மேய்ச்சல் நிலத்தையும் யோசியுங்கள். செழித்த பசும்புல்லில் நாள் முழுதும் விட்டுவிடுவதுதான் உங்கள் ஏற்பாடு என்றால், இன்சுலின் கோளாறுள்ள குதிரைக்கு அது ஏற்ற இடமல்ல. தினமும் அளந்து தீனி போட ஆள் வேண்டும்.

கேள்வி: பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை. முன்கால் தசைநாண் கிழிந்து ஆறியிருக்கிறது. தாண்டுதல் பயிற்சிக்கு ஆகுமா?

தாண்டுவதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆறிய இடத்தில் உருவாகும் தழும்புத் திசுவுக்குப் பழைய மீள்தன்மை இருக்காது. வேகப் பாய்ச்சலிலும் தாண்டி இறங்கும்போதும் அந்த இடமே முதலில் விட்டுக்கொடுக்கும். சமதரையில் நிதானமான சவாரி என்றால் பல ஆண்டுகள் நன்றாக உழைக்கும். அல்ட்ராசவுண்ட் படங்களைப் பாருங்கள். காயம்பட்டு ஓராண்டு ஆகியிருக்கிறதா, அந்த ஓராண்டில் படிப்படியாக நடைப்பயிற்சி கொடுத்தார்களா அல்லது கொட்டிலில் சும்மா கட்டிப்போட்டார்களா என்றும் கேளுங்கள்.

கேள்வி: விற்பவரே மருத்துவர் சான்றிதழ் தருகிறார். நான் தனியாகப் பரிசோதிக்க வேண்டுமா?

கட்டாயம். அந்தக் குதிரைக்கு இதுவரை வைத்தியம் பார்க்காத மருத்துவரை நீங்களே அழைத்துச் செல்லுங்கள். வலி மருந்து கொடுத்து நொண்டலை மறைக்க முடியும் என்பதால், அன்றே இரத்த மாதிரி எடுத்துப் பாதுகாக்கச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே குதிரையை ஓட்டி வியர்க்க வைத்திருந்தால், வேறொரு நாள் சொல்லாமல் போய்ப் பாருங்கள்.

கேள்வி: முன்பு இருமல் இருந்ததாம். மேய்ச்சலில் பார்த்தபோது ஒன்றுமே தெரியவில்லை.

திறந்தவெளியில் தெரியாமல் இருக்கலாம். குதிரை ஆஸ்துமாவைப் பெரும்பாலும் தூண்டுவது உலர்புல்லின் தூசியும் பூஞ்சையும்தான். லாயத்தில் உலர்புல் தின்ன விட்டு, சில நாட்கள் கழித்துப் பாருங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 14 மூச்சு இயல்பு. விலா முடியும் இடத்தில் தசை கோடாகப் புடைத்திருந்தால் நோய் பழையது. உலர்புல்லை நனைத்துப் போடவும் பெரும்பாலும் வெளியே வைத்திருக்கவும் முடிந்தால் வாங்கலாம்.

கேள்வி: என் மகளுக்காகப் பார்த்த குதிரைக்கு முன்னங்கால் குளம்பில் நீண்டகால வலி இருந்ததாம். ‘சின்ன அறுவை சிகிச்சையில்’ சரிசெய்துவிட்டார்களாம்.

வலி கடத்தும் நரம்பை வெட்டியிருக்கிறார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். அப்படியென்றால் நோய் உள்ளே அப்படியே இருக்கிறது, குதிரைக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். ஆணி குத்திச் சீழ் பிடித்தாலும் உணராது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் போட்டி விதிகளும் இப்படி நரம்பு வெட்டப்பட்ட குதிரையை அனுமதிப்பதில்லை. கணுக்காலுக்குக் கீழே பின்பக்கம் இருபுறமும் சிறு தழும்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். குதிரை பார்க்காத வேளையில், குதிகால் மேட்டைப் பேனா முனையால் உங்கள் மருத்துவர் மெல்ல அழுத்தட்டும். மற்றக் கால்களை இழுத்துக்கொண்டு இந்தக் காலை மட்டும் அசைக்காமல் நின்றால், குழந்தையை அதன் முதுகில் ஏற்றாதீர்கள்.