2,000 கிலோ இழுக்கும் எஸ்யூவிக்கு 1,900 கிலோ கேரவன் சரிவருமா?

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். எங்கள் நடுத்தர எஸ்யூவி, பிரேக் உள்ள டிரெய்லரை 2,000 கிலோ வரை இழுக்கும், டோ பால் (காரின் பின்னே டிரெய்லரை மாட்டும் உருண்டை) மீது 200 கிலோ வரை தாங்கும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. 1,900 கிலோ ஏடிஎம் (சாமானோடு சேர்த்து கேரவனின் உச்ச எடை) உள்ள பழைய கேரவன், அதாவது காரின் பின்னே இழுத்துப்போகும் வீட்டு வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். விடுமுறைக்கு கிராம்பியன்ஸ் மலைப்பக்கம் போக ஆசை. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் உங்களுக்கு முதலில் இடிக்கப்போவது அந்த 2,000 அல்ல, காரின் ஜிவிஎம். அதாவது காரின் சொந்த எடையோடு ஆள், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்த்து இருக்கக்கூடிய உச்ச எடை. கேரவனின் மூக்கு டோ பாலை அழுத்தும் எடையும் இதே கணக்கில்தான் வரும். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு: ஜிவிஎம் 2,600, டேங்க் நிரப்பிய வெறும் கார் 2,000 என்றால் மிச்சம் 600. குடும்பம் நால்வர் 230, டோ பால் பொருத்திய இரும்புச் சட்டமான டோ பார் 35, டோ பால் எடை 185. கையில் நிற்பது 150 கிலோதான். நிரப்பிய ஃப்ரிட்ஜ், கூடாரம், பெட்டிகள் என்று அடுக்கினால் அது கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். காரும் கேரவனும் சேர்ந்த உச்ச எடையான ஜிசிஎம்மையும் கையேட்டில் பாருங்கள்.

கேரவன் பக்கமும் இதே கதைதான். வெறும் எடை 1,480 என்றால் 420 கிலோ ஏற்றலாம். 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டும் நிரம்பினாலே 160 போய்விடும். போகும் இடத்தில் குடிநீர் கிடைக்குமென்றால் ஒரு தொட்டியைக் காலியாகவே கொண்டுபோங்கள். பழைய வண்டியில் பிற்பாடு பொருத்திய பேட்டரி, ஏசியெல்லாம் எடை பொறித்த தகட்டில் ஏறியிருக்காது. அதனால் முன்பணம் கொடுக்குமுன் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்.

அடுத்தது பாரம் வைக்கும் முறை. மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு எழும்பும். கேரவனிலும் அதே சங்கதி. ஏற்றிய எடையில் ஏறக்குறைய 10 சதவீதம் டோ பால் மீது இருக்க வேண்டும். குறைந்தால், பெரிய லாரி ஒன்று கடந்துபோகும் காற்றுக்கே பின்பக்கம் ஆடத் தொடங்கும். கனமான சாமானைத் தரையோடு, அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னே வையுங்கள். பின்முனையில் சைக்கிள் மாட்டுவது பெரிய தப்பு. அச்சிலிருந்து டோ பால் 4 மீட்டர், சைக்கிள்கள் 2.5 மீட்டர் பின்னே என்றால், 40 கிலோ சைக்கிள் டோ பாலிலிருந்து 25 கிலோவைத் தூக்கிவிடும். அந்த 40 கிலோ பின்முனையில் கிடப்பதால், ஆட்டம் தொடங்கினால் அடங்கவும் நேரமாகும்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். சாதாரணக் குளியலறைத் தராசு இவ்வளவு எடையைத் தாங்காமல் போகலாம் என்பதால் ஒரு பலகை தேவை. கேரவன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைச் சமமாக நிறுத்துங்கள். கனத்த பலகையின் ஒரு முனை செங்கல் மேல் உள்ள குழாயிலும், மறுமுனை தராசின் மேல் உள்ள குழாயிலும் உட்காரட்டும். குழாய்களுக்கு இடையே 90 செ.மீ. வெறும் பலகைக்குத் தராசு காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். செங்கல் பக்கக் குழாயிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பலகைமேல் ஒரு கட்டையை நிறுத்தி, கப்ளிங்கை (டோ பாலைக் கவ்வும் கேரவன் மூக்கு) அதன்மேல் இறக்கி, மூக்கைத் தாங்கும் சிறு சக்கரமான ஜாக்கி வீலைத் தூக்கிவிடுங்கள். புதிய அளவில் பழையதைக் கழித்து 3 ஆல் பெருக்கினால் டோ பால் எடை. 62 வந்தால் 186.

டோ பால் எடையைக் காரின் முன்சக்கரங்களுக்கும் பகிரும் ஹிட்ச் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சில எஸ்யூவி தயாரிப்பாளர்கள் அதைக் கூடாது என்கிறார்கள். கடைக்காரரை நம்பாமல் கையேட்டைப் பாருங்கள்.

750 கிலோவுக்கு மேற்பட்ட கேரவனுக்கு ஆஸ்திரேலியாவில் பிரேக் கட்டாயம். மின்பிரேக் என்றால் அதை இயக்கக் காருக்குள் கன்ட்ரோலர் வேண்டும். ஆளில்லாத சமதளச் சாலையில் 40 கி.மீ. வேகத்தில் போய், கன்ட்ரோலரின் கைப்பொத்தானை மட்டும் அழுத்துங்கள். கேரவன் காரைப் பின்னே பிடித்து இழுப்பது தெரிய வேண்டும். சக்கரம் பூட்டிக்கொண்டு கிறீச்சிட்டால் அளவைக் குறையுங்கள்.

மாட்டும்போது, கப்ளிங்கைப் பூட்டியதும் ஜாக்கி வீலைச் சுற்றிக் காரின் பின்பக்கம் சற்று எழும்புகிறதா பாருங்கள். எழும்பினால் சரியாகக் கவ்வியிருக்கிறது. கழன்று வந்தால் மறுபடி மாட்டுங்கள். சங்கிலிகளைக் கப்ளிங்குக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள். விளக்குகளை இன்னொருவரை நிறுத்திச் சரிபாருங்கள். கேஸ் சிலிண்டரை மூடுங்கள்.

சாலையில் 90 போதும். ஆட்டம் வந்தால் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருத்தப் போகாதீர்கள், காலால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டவே கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, கன்ட்ரோலர் பொத்தானால் கேரவன் பிரேக்கை மட்டும் போடுங்கள். அடங்கியதும் ஓரம்கட்டிப் பாரத்தை மாற்றி அடுக்குங்கள். இறக்கத்தில், இறங்கத் தொடங்குமுன்பே கியரைக் குறையுங்கள்.

புறப்பட்டு அரை மணி நேரத்தில் ஒருமுறை நின்று, ஒவ்வொரு சக்கரத்தின் நடுக்குடத்தருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங்கோ, ஒட்டிக்கொண்ட பிரேக்கோ. அதோடு மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.