அகதிக் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பிக்கும்போது, அவர்கள் பட்ட துயரத்தை வரையச் சொல்லலாமா?

வேண்டாம் என்பேன். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

2016இல் பெர்லினில் ஒரு தொடக்கப் பள்ளியின் ‘வரவேற்பு வகுப்பில்’ வாரம் ஒரு நாள் தன்னார்வலராக ஓவியம் சொல்லிக்கொடுத்தேன். புதிதாக வந்து, ஜெர்மன் மொழி இன்னும் பிடிபடாத பிள்ளைகளுக்கான வகுப்பு அது. சிரியா, ஆப்கானிஸ்தான், எரித்திரியா என்று பதினான்கு பேர். எனக்கு அரபியும் தெரியாது, ஆப்கானியர் பேசும் தாரியும் தெரியாது. என் ஜெர்மன் அவர்களுடையதைவிட ஒரு பிடி மேல், அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம், தாளை மூன்று கட்டங்களாக மடித்து ஒரு கதை வரையச் சொன்னேன். ஒன்பது வயதுச் சிரியப் பையன் ஒருவன் இடது கட்டத்தில் காய்த்துக் குலுங்கும் எலுமிச்சை மரம் வரைந்திருந்தான். நடுவில் சிறு செடி. வலது கட்டத்தில் மண்ணும் ஒரு விதையும் மட்டும். எனக்குத் தொண்டை அடைத்தது. தோட்டம் அழிந்த கதை என்று நானே முடிவுகட்டி, வகுப்பாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பையனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, வலது கட்டத்தில் விரலை வைத்து ‘ஒன்று’ என்றான். அரபி வலமிருந்து இடமாக எழுதும் மொழி. விதை முளைத்து மரமாகியிருக்கிறது!

அதோடு ‘உன் வீட்டை வரை’, ‘நீ வந்த வழியை வரை’ போன்ற தலைப்புகளை விட்டுவிட்டேன். மஞ்சளையும் நீலத்தையும் கலந்தால் எத்தனை பச்சை வரும் என்று பார்ப்பதிலேயே ஒரு வகுப்பு போய்விடும். புள்ளிக் கோலத்துக்கு மொழியே தேவைப்படவில்லை, எண்ணத் தெரிந்தால் போதும். நான் போட்ட சிக்குக் கோலத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனதை ஆப்கான் சிறுமி ஒருத்தி கண்டுபிடித்தாள். (என் அம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை.)

தாமாகவே விமானமும் நெருப்பும் வரைகிற பிள்ளைகளும் உண்டு. கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அதே படம் திரும்பத் திரும்ப வந்தால் பள்ளி உளவியலாளரிடம் சொல்லுங்கள். அதற்கு மேல் துருவுவது ஓவிய ஆசிரியரின் வேலை இல்லை.

ரயிலேறி செக் தலைநகர் பிராகுக்குப் போக முடிந்தால் பின்காஸ் யூதத் தொழுகைக்கூடத்தைப் பாருங்கள். பௌஹவுஸ் என்ற ஜெர்மன் கலைப் பள்ளியில் படித்த ஓவியர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், 1942 டிசம்பரில் நாஜிகளால் தெரெசின் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்த குழந்தைகளுக்கு, கிடைத்த பழைய அலுவலகத் தாள்களில் ஓவியம் கற்பித்தார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். இரண்டு பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்டிருந்த சுமார் 4,500 படங்கள் தப்பின. அவற்றில் சில அந்தத் தொழுகைக்கூடத்தில் இருக்கின்றன. பூக்கள், பட்டாம்பூச்சிகள், வீட்டு மேசைகள் என்று முகாமிலும் பிள்ளைகள் எதையெதையோ வரைந்திருக்கிறார்கள். படத்தில் தங்கள் பெயரை எழுதச் சொல்வது அவர் வழக்கம். நானும் அதை எடுத்துக்கொண்டேன். அரபியிலும் எரித்திரியாவின் திக்ரின்யா மொழியிலும் அவரவர் எழுத்தில் பெயர் போட்டார்கள்.

ஆண்டு இறுதியில் படங்களைச் சுவரில் மாட்டினோம். பார்க்க வந்த ஒருவர், “போர்ப் படம் எதுவும் இல்லையா?” என்று ஏமாற்றத்தோடு கேட்டார். எலுமிச்சை மரத்தைக் காட்டினேன். அவரும் இடது பக்கத்திலிருந்துதான் பார்க்கத் தொடங்கினார்.