தீயணைப்பு வேலைக்கு முன்பணம் எதற்கு?

கே.வி.குப்பம் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு 20 வயது, பிளஸ் டூ முடித்திருக்கிறான். தீயணைப்புத் துறையில் சேர ஆசைப்படுகிறான். வேலூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோவுக்கு 60,000 ரூபாய் கேட்கிறார்கள். அது இருந்தால் அரசு வேலை நிச்சயமாம். இன்னொருவர் 5 லட்சம் கொடுத்தால் ஆர்டரே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இதற்கு நடுவில், எருது விடும் விழாவில் நடந்த தகராறில் பையன் பெயரும் போலீஸ் வழக்கில் சேர்ந்துவிட்டது. ராஜியாகிவிடலாம் என்கிறார்கள். இதை விண்ணப்பத்தில் சொல்ல வேண்டுமா?"

பதில்: ஓய்வுபெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர்

முதலில் அந்த 60,000 ரூபாயைத் தொடாதீர்கள். தீயணைப்பாளர் பதவிக்குக் கேட்கிற படிப்பு பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அவ்வளவுதான். டிப்ளமோ சான்றிதழைக் கொண்டுபோனால் ஒரு மதிப்பெண்கூடக் கூடாது. தொழிற்சாலை வேலைக்கோ வளைகுடாவுக்கோ போகிறவர்களுக்கு அந்தப் படிப்பு உதவலாம், அது வேறு கதை. வாசலில் சிவப்பு வண்டிப் படத்தைப் போட்டு, சீருடை மாதிரி ஒன்றைத் தைத்துக் கொடுத்து, 'அரசு வேலை உறுதி' என்று சொல்கிறார்கள் பாருங்கள், அதுதான் மோசடி.

ஆள் எடுப்பது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே தேர்வு. விண்ணப்பக் கட்டணம் 250 ரூபாய். முதலில் தமிழ் மொழி அறிவைச் சோதிக்கிற தகுதித் தேர்வு, 80 கேள்விகள். அதில் 32 எடுக்காவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். அப்புறம் பொது அறிவும் உளவியலுமாக 70 மதிப்பெண், உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. உயரம் 170 செ.மீ.; பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167. மார்பு 81, மூச்சை இழுத்தால் 86. 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 26, பிற்படுத்தப்பட்டோருக்கு 28, பட்டியல் சாதியினருக்கு 31. உங்கள் பையனுக்கு நேரம் இருக்கிறது.

இடங்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். 2022 அறிவிக்கையில் தீயணைப்பாளர் 120 பேர். அடுத்த வருடம் 674. 2025இல் 631. எந்த வருடம் அறிவிக்கை வரும், எத்தனை பேரை எடுப்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை. ஊருக்கு ஊர் வண்டி ஓட ஆள் போதவில்லை என்று நாங்கள் எழுதி எழுதியே ஓய்வு பெற்றோம். பையன்கள் வீட்டில் காத்துக்கிடக்கிற இந்த இடைவெளியில்தான் தரகர்களுக்கு வியாபாரம்.

அந்த 5 லட்சம் ஆசாமியின் தொழில் ரகசியத்தைச் சொல்கிறேன். அவர் பத்துப் பேரிடம் முன்பணம் வாங்குவார். யாருக்காகவும் எந்த வேலையும் செய்யமாட்டார். சும்மா இருப்பார். பத்துப் பேரில் இரண்டு பேர் தாங்களே படித்து, தாங்களே ஓடித் தேர்வாகிவிடுவார்கள். அந்த இரண்டு பேரிடம் "பார்த்தீர்களா, வாங்கிக் கொடுத்தேன்" என்று மீதியையும் வசூலிப்பார். மற்ற எட்டுப் பேருக்கு ஒரு வருடம் கழித்துத் தவணையில் திருப்பித் தருவார். அதற்குள் வட்டி அவருக்கு. பணம் திரும்பி வந்ததால் எட்டுப் பேரும் 'நல்ல மனிதர்' என்று வேறு சொல்வார்கள். இதில் இன்னும் மோசமானவர்கள் அசல் மதிப்பெண் பட்டியலையும், கையெழுத்துப் போட்ட வெற்றுப் பத்திரத்தையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சான்றிதழ் சரிபார்ப்பு நாளன்று அந்த அசலுக்காகப் பையன் அவர் வீட்டு வாசலில் நிற்பான். அசலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

சரி, வழக்கு விஷயம். இதில்தான் நீங்கள் அவசரப்படக் கூடாது. விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்றே எழுத வேண்டும். தேர்வானதும் உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் விசாரிப்பார்கள், முதல் தகவல் அறிக்கை அங்கேதான் இருக்கிறது, எங்கும் போய்விடாது. மறைத்தது தெரிந்தால் வழக்கைவிட மறைத்ததுதான் பெரிய குற்றமாகிவிடும். சின்ன வயது, சில்லறை வழக்கு என்றால் மறைத்ததைக்கூட மன்னிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லியிருக்கிறது என்பார்கள். உண்மைதான், ஆனால் மன்னிப்பதும் மன்னிக்காததும் அதிகாரியின் கையில். அதை நம்பி இறங்கினால் சென்னைக்கும் வேலூருக்கும் வழக்குக்காக அலைந்தே வயது வரம்பு தாண்டிவிடும்.

ராஜி என்கிறீர்களே, அதில்தான் பொறி இருக்கிறது. வழக்கு நிலுவையில் இருந்தால் வேலை கிடையாது. விடுதலையானால் சரி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எல்லா விடுதலையும் ஒன்றல்ல. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்தாலோ, புகார் கொடுத்தவர் சாட்சிக் கூண்டில் பிறழ் சாட்சி ஆனதால் விட்டாலோ, அந்தப் பையன் வழக்கில் சம்பந்தப்பட்டவன் என்றே சீருடைப் பணி விதி கணக்கெடுக்கும். ஊர்ப் பெரியவர்கள் பேசி, எதிராளி கோர்ட்டில் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லி முடிக்கிற ராஜி இந்த இரண்டாவது வகையில்தான் விழும். குற்றப்பத்திரிகை இன்னும் தாக்கலாகவில்லை என்றால், சம்பவ இடத்தில் பையன் இல்லை என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா பாருங்கள். விசாரணை அதிகாரியிடம் மனு கொடுத்துப் பெயரை நீக்கச் சொல்லலாம். இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்கலாம். அதுவும் முடியாவிட்டால், வழக்கை நடத்தி, குற்றம் செய்யவில்லை என்றே தீர்ப்பு வாங்க வேண்டும். குற்ற வழக்கு நடத்துகிற வக்கீலிடம் "பையன் சீருடை வேலைக்குப் போகிறான்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அவர் வழக்கை நடத்துகிற விதமே மாறும்.

வேலை எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, பையன் தெரிந்துகொள்ளட்டும். துறையின் முழுப் பெயரே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள். நம் பக்கத்தில் மீட்புதான் அதிகம். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு, பனைமரத்தில் கதண்டு, தேசிய நெடுஞ்சாலையில் நசுங்கிய லாரிக்குள் மாட்டிய டிரைவர். கோடையில் மலைப்புல் எரிந்தால் கையில் பச்சைத் தழையோடு ஏற வேண்டியிருக்கும். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து 10 பேர் இறந்தார்களே, அங்கே எரிந்தது எதுவுமில்லை. அந்தச் சேற்றின் நாற்றத்தைத் தாங்க முடியுமா என்று அவனே யோசித்துக்கொள்ளட்டும். சம்பளம் அடிப்படை 18,200 ரூபாயில் தொடங்கும்.

ஒரே ஒரு செலவு செய்யுங்கள்: நல்ல கயிறு வாங்குங்கள். உடல்திறன் தேர்வில் கயிறு ஏறுவதும் உண்டு; 5 மீட்டருக்கு ஒரு நட்சத்திரம், 6 மீட்டருக்கு இரண்டு, நட்சத்திரத்தை வைத்துத்தான் மதிப்பெண். ஓட்டத்தில் தேறிய பையன்கள்கூட மைதானத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். தினமும் காலையில் வேப்பமரத்தில் கட்டி ஏறச் சொல்லுங்கள். கிளை தாங்குமா என்று முதலில் நீங்கள் இழுத்துப் பார்த்துவிடுங்கள்.