பதவர்ணம் இயற்றித் தருவதற்குக் கட்டணம்: எதற்கு எவ்வளவு?

கேள்வி: நான் கும்பகோணத்தில் வசிக்கும் வாய்ப்பாட்டு ஆசிரியர், சாகித்தியம் (பாடல் வரிகள்) எழுதி இசையமைப்பதும் உண்டு. சென்னையிலுள்ள ஒரு நாட்டியப் பள்ளி, சாருகேசி ராகம், ஆதி தாளத்தில் ஒரு பதவர்ணம் (நாட்டியத்துக்கான நீண்ட பாடல்) கேட்டது. ரூ.40,000 சன்மானம் என்று தொலைபேசியில் பேசி, ரூ.10,000 முன்பணமும் தந்தார்கள். ஸ்வரக் குறிப்பையும் நான் பாடிய ஒலிப்பதிவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். முத்தாயி ஸ்வரத்தை (அனுபல்லவிக்குப் பின் வரும் ஸ்வரப் பகுதி) இருமுறை மாற்றியும் கொடுத்தேன். இப்போது, “அனைத்து உரிமைகளும் நிரந்தரமாகப் பள்ளிக்கே” என்ற தாளில் கையெழுத்திட்டால்தான் மீதித் தொகை என்கிறார்கள். அனுபல்லவியில் (பாடலின் இரண்டாம் பகுதி) என் முத்திரை, அதாவது இயற்றியவரைக் காட்டும் சொல், வரும் வரியையும் மாற்றப்போகிறார்களாம். கையெழுத்திடலாமா? இனிமேல் கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது?

பதில்: அந்தத் தாளில் கையெழுத்திட வேண்டாம். தாங்கள் பேசியது வாய்மொழி ஒப்பந்தம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லும். வேலையைக் கேட்டவர் அதைப் பெற்றுக்கொண்ட பிறகு, முதலில் பேசாத ஒரு நிபந்தனையைத் தாமாகச் சேர்த்து, அதைக் காரணம் காட்டிப் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. ஆகவே மீதி ரூ.30,000ஐத் தாங்கள் கேட்டுப் பெறலாம். பணம் தரவேண்டிய நாள் என்று எதுவும் பேசப்படாத நிலையில், வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும்.

பணத்துக்கு வாய்ப்பேச்சு போதும், உரிமைக்குப் போதாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, படைத்தவரையே முதல் உரிமையாளர் என்கிறது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படமும், வரையச் சொன்ன உருவப்படமும், எடுக்கச் சொன்ன திரைப்படமும் சொன்னவருக்கே சொந்தம் என்று அங்கே விதிவிலக்கு உண்டு. ஆனால் இசையும் சாகித்தியமும் அந்தப் பட்டியலில் இல்லை. மாதச் சம்பளத்தில் அப்பள்ளியின் ஊழியராக இருந்து இயற்றியிருந்தால் நிலைமை வேறு. சாருகேசி யாருக்கும் தனிச்சொத்து ஆகாது. அதில் தாங்கள் அமைத்த வர்ணமெட்டு (பாடலின் மெட்டு) ஒரு படைப்பு, சாகித்தியம் இன்னொரு படைப்பு, இரண்டும் தங்களுடையவை. முத்திரை வரியைப் பொறுத்தவரை, 57ஆம் பிரிவு மிகவும் பயனுள்ளது: உரிமையை விற்ற பிறகும்கூட, இதை இயற்றியவர் நான் என்று சொல்லிக்கொள்ளவும், தம் பெயருக்கு ஊறு விளைவிக்கும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கவும் படைத்தவருக்கு அது வழிவகுக்கிறது.

“நிரந்தரமாக” என்பதன் நீளத்தையும் எண்ணிப்பாருங்கள். பதிப்புரிமை, படைத்தவரின் ஆயுள் முழுவதும், அதன் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் கீர்த்தனைகளுக்கு அது 2033ஆம் ஆண்டின் இறுதிவரை இருக்கிறது. தங்கள் பேரப்பிள்ளைகள் காலத்துச் சொத்தை ரூ.30,000 பாக்கிக்காக எழுதிக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனிமேல் கட்டணம் பேசும்போது, “எவ்வளவு” என்பதற்கு முன் “எதற்கு” என்று கேளுங்கள். இயற்றும் உழைப்புக்கு ஒரு தொகை, பயன்படுத்தும் உரிமைக்கு வேறொரு தொகை என்று பிரிப்பதே என் உறுதியான ஆலோசனை. உழைப்புக்கான தொகையில் சாகித்தியம், வர்ணமெட்டு, ஸ்வரக் குறிப்பு, பாடிக் காட்டும் ஒலிப்பதிவு, நடனமணியுடனும் நட்டுவனாருடனும் (தாளமிட்டு நடனத்தை நடத்துபவர்) உட்காரும் நாட்கள் ஆகியவற்றைக் கணக்கிடுங்கள். ஜதிக்கோவையை (நடனத்துக்கான தாளச் சொற்கட்டுகளின் தொடர்) யார் அமைப்பது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள், பெரும்பாலான சச்சரவுகள் அங்கேதான் தொடங்குகின்றன. இரண்டு திருத்தங்கள் கட்டணத்தில் அடக்கம், மூன்றாவதற்குத் தனித்தொகை. உரிமைத் தொகையோ பயன்பாட்டைப் பொறுத்தது: ஓர் அரங்கேற்றத்தோடு நிற்கும் வர்ணத்துக்கும், குறுந்தகடாகவும் இணையக் காணொளியாகவும் வெளிவந்து வெளிநாட்டு மேடைகளுக்கும் போகும் வர்ணத்துக்கும் ஒரே தொகை சொல்வது தங்களுக்கு நட்டம். முதல் ஓராண்டு வேறு யாரும் ஆடக்கூடாது என்று அவர்கள் விரும்பினால், அந்தத் தனியுரிமைக்கும் விலை உண்டு.

ஒப்பந்தத்தில் “சன்மானம்” என்று எழுதாமல் “கட்டணம்” என்றே எழுதுங்கள். முன்னது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது என்ற எண்ணத்தைத் தருகிறது. மூன்றில் ஒரு பங்கு முன்பணமாகவும், பல்லவி, அனுபல்லவி, முத்தாயி ஸ்வரம் கொடுக்கும்போது அடுத்த பங்கும், முழுக் குறிப்பைக் கையில் கொடுப்பதற்கு முன் கடைசிப் பங்கும் பெறுவது பாதுகாப்பானது. கூடவே இப்படி ஒரு வரி இருக்கட்டும்: “இவ்வர்ணத்தை இந்தியாவில், தன் மாணவர்களைக் கொண்டு, மூன்று ஆண்டுகள் மேடையில் நிகழ்த்தப் பள்ளிக்கு உரிமம் அளிக்கப்படுகிறது; ஒலிப்பதிவுக்கும் இணைய வெளியீட்டுக்கும் தனி எழுத்து ஒப்புதல் தேவை; இயற்றியவரின் பெயர் ஒவ்வொரு நிகழ்ச்சி நிரலிலும் இடம்பெறும்.”

பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். பள்ளி கொடுத்த தாளில் “நிரந்தரமாக” என்று எழுதியிருப்பதற்குக் காரணம் அதுவே.

இப்போது செய்ய வேண்டியது: வாட்ஸ்அப் உரையாடல், அனுப்பிய ஒலிப்பதிவு, முன்பணம் வந்த வங்கிப் பதிவு ஆகியவற்றை அழியாமல் பாதுகாத்து, அந்தக் கைப்பேசியையும் மாற்றாமல் வைத்திருங்கள். பிறகு மீதித் தொகையைப் பதினைந்து நாளில் தரும்படியும், முத்திரை வரியை மாற்றத் தங்களுக்குச் சம்மதமில்லை என்றும் ஒரே கடிதத்தில் எழுதி, பெற்றுக்கொண்டதற்கான சான்றுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். பதில் வராவிட்டால், ஒரு வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பலாம்.