சின்னக் குடும்பத்துக்கு எந்த வாட்டர் ப்யூரிஃபையர் வாங்கலாம்? ஆர்ஓ தேவையா, யூவி போதுமா?

கேள்வியில் உள்ள விவரம் இவ்வளவு: சென்னையில் வாடகை ஃப்ளாட். கணவன், மனைவி, நாலு வயதுக் குழந்தை. சம்பில் மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் கலக்கிறது, கோடையில் லாரித் தண்ணீரும் சேர்கிறது. பட்ஜெட் 15,000 ரூபாய்.

ஆர்ஓ என்பது மெம்பிரேன் என்ற நுண்ணிய சவ்வின் வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிப்பது, பிரிந்த உப்போடு கொஞ்சம் தண்ணீர் வேஸ்டாகப் போகும். யூவி என்பது புறஊதா ஒளியால் கிருமியை அழிப்பது. எந்தக் கம்பெனி, எத்தனை ஸ்டேஜ் என்பதெல்லாம் அப்புறம். முதலில் உங்கள் சமையலறைக் குழாயில் என்ன வருகிறது என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் வாங்குகிறவர்கள்தான் தேவையில்லாத ஆர்ஓவை மாட்டிவிட்டு தினமும் இரண்டு பக்கெட் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்புகிறார்கள்.

தண்ணீரில் கரைந்த உப்பின் அளவை (டிடிஎஸ்) காட்டும், பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர் 200 முதல் 400 ரூபாய்க்குள் கிடைக்கும். அதை வாங்கிக்கொள்ளுங்கள், மெஷின் வந்த பிறகும் அதற்கு வேலை இருக்கிறது. டம்ளரை அதே தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டுப் பிடியுங்கள். மீட்டரின் கோடு வரை மட்டும் முக்கி, லேசாக ஒரு தட்டுத் தட்டி, எண் நிலைத்த பிறகு படியுங்கள். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மலிவான மீட்டர்களில் அளவு 1000ஐத் தொட்டதும் திரையின் ஓரத்தில் சின்னதாக ×10 என்று மின்னும். அப்போது 156 என்று காட்டினால் அது 1560. அந்த ஓரத்தைப் பார்க்காமல் "எங்கள் போர் தண்ணீர் 156தான், அருமையான தண்ணீர்" என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஒரே நாளில் முடிவெடுக்காதீர்கள். மெட்ரோ வாட்டர் விட்ட நாள், போர் மோட்டார் போட்ட நாள், லாரி வந்த நாள் என்று தனித்தனியாக அளந்து எழுதி வையுங்கள். மழைக்குப் பிறகு 400 காட்டும் சம்பு, மே மாதத்தில் 1000ஐத் தாண்டலாம். இதில் அதிகபட்ச எண்ணை வைத்துத்தான் மெஷினைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டிடிஎஸ் என்பது கரைந்துள்ள உப்புகளின் மொத்தக் கணக்கு மட்டும்தான். கிருமி இருக்கிறதா என்று அது சொல்லாது. சாக்கடை கலந்த தண்ணீரும் 300 காட்டும், நல்ல தண்ணீரும் 300 காட்டும். உப்புகளில் ஃப்ளோரைடு எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு என்று பிரித்தும் சொல்லாது. அதனால் ஒரே ஒருமுறை லேப் டெஸ்ட் செய்துவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தண்ணீர் பரிசோதனை உண்டு. மற்ற மாவட்டங்களில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் இருக்கின்றன. கடினத்தன்மை, குளோரைடு, ஃப்ளோரைடு, நைட்ரேட், இரும்பு, கோலிஃபார்ம் (கழிவு கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) ஆகிய ஆறையும் கேட்டு வாங்குங்கள். கோலிஃபார்ம் சோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். அதை முன்கூட்டியே கேட்டு வாங்கி, பிடித்த அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். வீட்டிலிருக்கும் பழைய கூல்டிரிங்க் பாட்டிலில் கொண்டுபோனால் பாட்டிலில் இருக்கும் கிருமியும் கணக்கில் சேரும்.

ரிப்போர்ட் வந்ததும் ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தோடு ஒப்பிடுங்கள். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்: டிடிஎஸ் 500 வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை. கடினத்தன்மை 200, அதிகபட்சம் 600. ஃப்ளோரைடு 1, அதிகபட்சம் 1.5. நைட்ரேட் 45, அதற்கு மேல் தளர்வே கிடையாது. கோலிஃபார்ம் இருக்கவே கூடாது.

இனி முடிவு எளிது. அதிகபட்ச டிடிஎஸ் 500க்குள் இருந்து, ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் வரம்புக்குள் இருந்தால் ஆர்ஓ வேண்டாம். கார்பன் (கரி ஃபில்டர்), யூஎஃப் (நுண்துளைச் சவ்வு ஃபில்டர்), யூவி மூன்றும் சேர்ந்த மெஷின் போதும். யூவி கிருமியை அழிக்கும், ஆனால் தண்ணீரிலிருந்து எதையும் வெளியே எடுக்காது. தண்ணீர் கலங்கலாக இருந்தால் ஒளி ஊடுருவாது, தூசியின் நிழலில் கிருமி தப்பிவிடும். யூஎஃப் கலங்கலையும் பாக்டீரியாவையும் பிடிக்கும், வைரஸ் முழுக்க நிற்காது. அதனால்தான் இரண்டும் சேர்ந்து வேண்டும் என்கிறேன். தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் 2019இல், 500க்குக் கீழே டிடிஎஸ் உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்ய வேண்டும் என்றுதான் சொன்னது. மீஞ்சூர், நெம்மேலி ஆலைத் தண்ணீர் வரும் பகுதிகளில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். கடல்நீரை ஆர்ஓ செய்துதான் அனுப்புகிறார்கள், அதை வீட்டில் மறுபடி ஆர்ஓ செய்வது வீண்.

500க்கு மேல் 2000க்குள் என்றாலோ, ஃப்ளோரைடோ நைட்ரேட்டோ வரம்பைத் தாண்டினாலோ ஆர்ஓவும் யூவியும் சேர்ந்த மெஷின் வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் டிடிஎஸ் குறைவாக இருந்தாலும் ஃப்ளோரைடு பார்க்காமல் விடவே கூடாது. கொதிக்கவைத்தாலும் ஃப்ளோரைடு போகாது. அதிகபட்ச எண் என்ற விதிக்கு ஒரே ஒரு விலக்கு: வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் 600 வரை ஏறுகிறது, மற்றபடி எல்லாம் சரி என்றால் அதற்காக ஆர்ஓவுக்குப் போக வேண்டாம். அந்த இரண்டு மாதமும் யூவி தண்ணீரையே குடிக்கலாம், ருசி கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

போர் தண்ணீர் பிடிக்கும்போது தெளிவாக இருந்து, பக்கெட்டில் ஒரு மணி நேரம் வைத்ததும் பழுப்பாக மாறினால் அது இரும்பு. அதை அப்படியே விட்டால் ஆர்ஓ மெம்பிரேனும் அடைத்துக்கொள்ளும், யூவி குழாயின் கண்ணாடியிலும் படியும். இரும்பு நீக்கும் ஃபில்டரை மேல்தொட்டிக்குப் போகும் லைனில்தான் போட வேண்டும், அதனால் ஓனரிடமும் அசோசியேஷனிடமும் பேச வேண்டியிருக்கும்.

டெமோ காட்ட வருகிறவர் இரண்டு டம்ளரில் கம்பிகள் உள்ள ஒரு கருவியை வைத்து கரண்ட் கொடுப்பார். குழாய்த் தண்ணீர் இரண்டு நிமிடத்தில் துருநிறமாகிக் கசடு மிதக்கும், ஆர்ஓ தண்ணீர் தெளிவாக நிற்கும். "இதைத்தான் சார் குடிக்கிறீங்க" என்பார். அந்தக் கசடு தண்ணீரிலிருந்து வந்ததில்லை. கருவியில் உள்ள இரும்புக் கம்பி கரைந்து துருவாக மாறியது. உப்பு இருந்தால்தான் தண்ணீரில் கரண்ட் ஓடும், ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் கம்பி கரையவில்லை. ஆர்ஓ டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி வைக்கச் சொல்லுங்கள், அதுவும் துருநிறமாகும். குழந்தை இருக்கும் வீட்டில் பயத்தைக் காட்டி விற்பது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல.

ஆர்ஓ வாங்குவதாக முடிவானால் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்ற சின்னத் திருகைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். எம்டிடிஎஸ், டேஸ்ட் அட்ஜஸ்டர் என்றெல்லாமும் சொல்வார்கள். பெரும்பாலான மாடல்களில் இது மினரலைச் சேர்ப்பதில்லை. மெம்பிரேன் வழியாகப் போகாத தண்ணீரில் கொஞ்சத்தைச் சுத்தமான தண்ணீரோடு கலக்கிறது. உள்ளே 900, மெம்பிரேன் தருவது 70 என்று வைத்துக்கொள்வோம். வெளியே 150 வேண்டுமென்றால் பத்தில் ஒரு பங்கு கலந்தால் போதும். 250 வேண்டுமென்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கலக்க வேண்டும். அதே போர் தண்ணீரில் நைட்ரேட் 150 இருந்தால், மெம்பிரேன் அதை 20, 25க்கு இறக்கிவிடும், ஆனால் கலந்து வெளியே வரும்போது மறுபடி 50ஐத் தொடும். வரம்பு 45. எனவே நைட்ரேட், ஃப்ளோரைடு பிரச்சினை உள்ள வீட்டில் அந்தத் திருகை முழுக்க மூடச் சொல்லுங்கள். மற்ற வீடுகளில் 100 முதல் 150 வரை வைத்தால் ருசியும் சரியாக இருக்கும். கலந்த பிறகுதான் தண்ணீர் யூவிக்குள் போகிறதா என்பதையும் பார்த்து வாங்குங்கள். யூவியைத் தாண்டிய பிறகு கலக்கும் அமைப்பு என்றால் கலந்த தண்ணீரில் உள்ள கிருமி நேராக டேங்குக்குப் போகும்.

காப்பர், ஆல்கலைன், பத்து ஸ்டேஜ் என்று எழுதியிருப்பதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஆர்ஓ என்றால் ஐஎஸ் 16240 எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கடுத்து நான் பார்ப்பது உதிரிபாகம். ஃபில்டர்களும் மெம்பிரேனும் சாதாரண அளவில், தெருமுனைக் கடையில் கிடைப்பதாக இருக்க வேண்டும். அந்தக் கம்பெனி கார்ட்ரிட்ஜ் மட்டுமே பொருந்தும் மாடல் என்றால் விலை குறைவாக இருந்தாலும் பின்னால் வருடா வருடம் கட்டுவீர்கள். மூன்று பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 12 முதல் 15 லிட்டர் ஆகும். 7, 8 லிட்டர் டேங்க் தாராளம். 15 லிட்டர் டேங்க் வாங்கினால் தண்ணீர் தேங்கி நிற்கும் நேரம்தான் கூடும்.

மேல்தொட்டிக்கு நேர் கீழே உள்ள கடைசி மாடி என்றால் இன்னொரு விஷயம். தொட்டிக்கும் மெஷினுக்கும் மூன்று மீட்டர் உயரம் இருந்தால்தான் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோவுக்குச் சற்று மேல் பிரஷர் கிடைக்கும். அதற்குக் கீழே போனால் பம்ப் இல்லாத யூவி மெஷினில் நூல் மாதிரிதான் வரும். பம்ப் உள்ள மாடலைக் கேளுங்கள்.

பொருத்தும்போது கூடவே நில்லுங்கள். மெஷினுக்கு முன்னால் 5 மைக்ரான் ஸ்பன் (தூசி பிடிக்கும் திரி) உள்ள பத்து அங்குல ப்ரீ ஃபில்டர் கட்டாயம் வேண்டும், வெள்ளையாக உள்ளே தெரியுமே, அது. கார்பன் ஃபில்டரை மெம்பிரேனோடு இணைப்பதற்கு முன் அதன் வாயை ஒரு பக்கெட்டில் விட்டு, கறுப்பு நிற்கும்வரை ஐந்தாறு லிட்டர் ஓட்டச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் அப்படியே மாட்டினால் கரித்தூள் முழுவதும் புது மெம்பிரேனில் போய் அடைக்கும். டியூபைப் பிளேடால் நேராக வெட்ட வேண்டும், சாய்வாக வெட்டினால் கனெக்டரில் சொட்டும். முதல் இரண்டு டேங்க் தண்ணீரைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள், மெம்பிரேனைப் பதப்படுத்திய மருந்து அதில் இருக்கும்.

பொருத்திய அன்றே, திருகை மூடிவைத்த நிலையில் மூன்று எண்களை மெஷின் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்: உள்ளே போகும் டிடிஎஸ், வெளியே வரும் டிடிஎஸ், ஒரு லிட்டர் நிரம்ப ஆகும் நேரம். 80 ஜிபிடி (நாளைக்கு 80 கேலன்) மெம்பிரேனில் ஒரு லிட்டருக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம் ஆகும். பின்னால் சர்வீஸ் ஆள் "மெம்பிரேன் போச்சு" என்று சொன்னால் இந்தச் சீட்டுதான் பதில். புதிதில் நூற்றுக்கு 90க்கு மேல் உப்பைத் தடுத்தது 80க்குக் கீழே இறங்கியிருந்தாலோ, நேரம் இரண்டு மடங்காகியிருந்தாலோ மாற்றலாம். ஆனால் நேரம் மட்டும் கூடியிருந்தால் முதலில் ஸ்பன்னையும், மெஷினுக்குள் தூசி பிடிக்கும் செடிமெண்ட் ஃபில்டரையும் மாற்றிப் பாருங்கள், பாதிக் கேஸ் அங்கேயே முடியும். மெம்பிரேன் மாற்றிய மறுநாளே வெளியே வரும் டிடிஎஸ் அதிகமாக இருந்தால் மெம்பிரேன் உட்காரும் கூட்டில் (ஹவுசிங்) உள்ள ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

டேங்க் நிரம்பி மெஷின் நின்ற பிறகும் வேஸ்ட் பைப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் தண்ணீரைத் தானாக நிறுத்தும் சோலனாய்டு வால்வில் தூசி சிக்கியிருக்கிறது. சத்தமே வராது, மாதக்கணக்கில் தெரியாமல் ஓடும். அதற்கு மாறாக, மெஷின் ஓடும்போது வேஸ்ட் பைப்பில் தண்ணீரே வரவில்லை என்றால் வேஸ்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் அடைத்திருக்கிறது, அப்படியே விட்டால் மெம்பிரேனில் உப்புப் படிந்துவிடும். வேஸ்ட் குறையட்டும் என்று அந்த ரெஸ்ட்ரிக்டரைச் சிலர் சின்னதாக மாற்றுவார்கள். கடின நீரில் அதைச் செய்யவே கூடாது.

ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் வேஸ்ட் என்று வைத்தால் மாதம் ஆயிரம் லிட்டருக்கு மேல் போகும். 900 டிடிஎஸ் உள்ள வீட்டில் அந்த வேஸ்ட் 1200 அளவில் இருக்கும். தரை துடைக்க, கழிப்பறைக்கு, பாத்திரத்தின் முதல் அலசலுக்குத் தாராளமாகப் போகும். தொட்டிச் செடிக்கு மட்டும் ஊற்றாதீர்கள், மண்ணில் உப்பு சேர்ந்துகொண்டே போகும்.

பராமரிப்புக்குத் தோராயக் கணக்கு: ஸ்பன் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நூறு ரூபாய்ச் சமாச்சாரம், நீங்களே மாற்றலாம். செடிமெண்டும் கார்பனும் வருடம் ஒருமுறை. யூவி விளக்கு 8000 மணி நேரம். நீலமாக எரிந்தாலும் அதன் பிறகு வீரியம் போதாது. மெம்பிரேன் இரண்டு வருடம் முன்னே பின்னே. மெம்பிரேன் அடங்காத ஏஎம்சிக்கு (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) மூவாயிரம், நாலாயிரம் கட்டுவதைவிட இவற்றைத் தனித்தனியாக வாங்கி மாற்றுவது லாபம்.

அபார்ட்மெண்டில் தொட்டி கழுவி ப்ளீச்சிங் பவுடர் போடும் நாளில் மெஷினின் இன்லெட் வால்வை மூடிவிடுங்கள். மெம்பிரேனுக்குக் குளோரின் ஆகாது, அவ்வளவு குளோரினை அந்தச் சின்னக் கார்பன் தாங்காது. குழாயில் வாடை போன பிறகு திறக்கலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தால் டேங்கை முழுக்க வடித்து, அடுத்து நிரம்பும் ஒரு டேங்க் தண்ணீரையும் பாத்திரம் கழுவ விட்டுவிட்டு, அதற்கடுத்ததைக் குடியுங்கள்.