கோடையில் புலி பார்க்கலாமா?

கேள்வி: ஏப்ரல் விடுமுறையில் பிள்ளைகளோடு முதுமலை போகிறோம். புலி கண்ணில் படுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: உத்தரவாதம் கிடையாது. ஆனால் கோடை நல்ல காலம். குட்டைகள் வற்றுவதால் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடிப் புலி வரும், புதரும் காய்ந்து பார்வை எட்டும். அதே வறட்சியில் காட்டுத்தீ அபாயம் வந்தால் வனச் சவாரியை நிறுத்திவிடுவார்கள், கிளம்புமுன் விசாரியுங்கள். நீலகிரிக்கு இ-பாஸும் எடுங்கள். காலைச் சவாரியே மேல். அதற்கு முந்தின இரவே பக்கத்து ஊரான மசினகுடியில் தங்கிவிடுங்கள். சவாரி கிளம்பும் இடமான தெப்பக்காட்டில் வனத்துறை வேனில்தான் உள்ளே போக முடியும். புலியைத் தேடாதீர்கள், மானைக் கவனியுங்கள். புள்ளிமான் வாலைத் தூக்கி, முன்காலால் தரையைத் தட்டிக் கத்தினால், அது பார்க்கும் திசையைப் பாருங்கள். மரத்து மந்தியும் சேர்ந்து கத்தினால் இன்னும் வலுவான அறிகுறி. தேன்குழல் டப்பா அறையிலேயே இருக்கட்டும். அந்த நொறுக்குச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது!