தட்டிப் பார்த்தால் தெரியாது: காம்பாக்ட் எஸ்யூவி கேள்வி-பதில்

விபத்தில் நசுங்கிய கார்களை நேராக்கும் பட்டறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறேன். ஷோரூமில் யாரும் திறந்து காட்டாத பகுதிகளைத்தான் தினமும் பார்க்கிறேன். வசதிகளா, உறுதியா என்ற கேள்விக்கு என் பதில்கள் உறுதியின் பக்கம் சாய்வதற்கு அதுதான் காரணம்.

வரி குறைந்த பிறகு ஒரு காரின் டாப் வேரியன்ட் எங்கள் பட்ஜெட்டுக்குள் வந்துவிட்டது. சன்ரூஃப், பெரிய திரை, காற்றோட்ட இருக்கை எல்லாம் உண்டு. விபத்துச் சோதனை முடிவு மட்டும் சுமார். அதே விலைக்கு, ஐந்து நட்சத்திரம் பெற்ற இன்னொரு காரில் நடு வேரியன்ட்தான் கிடைக்கிறது. பிள்ளைகள் சன்ரூஃப் கேட்கிறார்கள். எதை வாங்கலாம்?
– ஆசிரியை, திண்டுக்கல்

நடு வேரியன்ட்டை வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் அடங்கும் 1200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கு மொத்த வரி 29 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அந்த மிச்சத்தைப் பலரும் ஒரு வேரியன்ட் மேலே ஏறச் செலவிடுகிறார்கள். ஒரு நல்ல காரில் ஏறினால் சரி. சுமாரான காரின் உச்சிக்கு ஏறுவதில் எனக்கு உடன்பாடில்லை.

விலைப்பட்டியலைக் கையில் எடுத்து, ஒவ்வொரு வசதிக்கும் எதிரே ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள்: இதைப் பிறகு போட்டுக்கொள்ள முடியுமா? பெரிய திரை, பின்பக்கக் கேமரா, அலாய் சக்கரம், இருக்கை உறை எல்லாவற்றையும் பிறகு போட்டுக்கொள்ளலாம். காற்றுப்பைகளையும், வண்டி வழுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியே பிடித்து நிறுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலையும், குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளையும் எந்தக் கடையிலும் வாங்கிப் பொருத்த முடியாது. பாடியின் உறுதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சன்ரூஃபைப் பற்றிப் பிள்ளைகளிடம் நீங்களே பேசிவிடுங்கள். ஓடும் காரில் தலையை வெளியே நீட்டி நிற்கும் குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. திடீரென்று பிரேக் பிடித்தால் அந்தச் சட்டத்தின் விளிம்புதான் குழந்தையின் மார்பில் மோதும். அதை விட்டுவிட்டாலும், திண்டுக்கல் சித்திரை வெயிலில் அந்தக் கண்ணாடியைத் திறக்கப்போவது வருடத்தில் எத்தனை நாள்? நான்கு மூலைகளிலிருந்தும் தண்ணீர் வடியும் குழாய்கள் வேப்பஞ்சருகு அடைத்து நின்றுபோய், கூரைத் துணி நனைந்து வரும் கார்கள் ஒவ்வொரு ஐப்பசியிலும் பட்டறைக்கு வருகின்றன.

காற்றோட்ட இருக்கையை மட்டும் நான் ஆடம்பரம் என்று தள்ளமாட்டேன். முதுகு நனைந்து நான்கு மணி நேரம் ஓட்டுபவருக்குக் கவனம் தளரும். பாதுகாப்பான காரிலேயே அது கிடைக்குமானால் தாராளமாகப் பணம் கொடுங்கள்.

என் மாமனார் எந்தக் காரைப் பார்த்தாலும் கதவையும் பானெட்டையும் தட்டிப் பார்க்கிறார். தகடு தடிமனாக இருந்தால்தான் வண்டி உறுதி என்கிறார். சரியா?
– வங்கி ஊழியர், மதுரை

அவருடைய அக்கறை சரி. தட்டும் இடம்தான் சரியில்லை.

கையில் படும் வெளித்தகடு பெரும்பாலான கார்களில் முக்கால் மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அது வண்டிக்குச் சட்டை மாதிரி. மோதலில் உயிரைக் காப்பது அதற்குள்ளே இருக்கும் கூடு: முன்பக்க நீள்சட்டங்கள், கதவுக்குக் கீழே ஓடும் படிச்சட்டம், முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையே நிற்கும் தூண், கூரை விளிம்பு. சாதாரணத் தகடு 300 மெகாபாஸ்கல் (உலோகத்தின் வலிமையைச் சொல்லும் அலகு) அளவு இழுவிசையில் கிழிந்துவிடும் என்றால், சூடாக்கி அச்சில் அழுத்தி உருவாக்கும் போரான் எஃகு 1500 வரை தாங்கும். ஏறத்தாழ ஐந்து மடங்கு. தடிமனில் இந்த வித்தியாசம் தெரியாது, தட்டினால் ஓசையிலும் தெரியாது. நடுத்தூணை வெட்டும்போது பட்டறையில் எங்களுக்குத் தெரியும். சாதாரண வெட்டுத்தகடு அதில் தேய்ந்துபோகும்.

கதவு சாத்தும்போது வரும் கனமான ‘தொம்’ ஓசைக்கும் உறுதிக்கும் தொடர்பு மிகக் குறைவு. ரப்பர் பட்டையும், கதவுக்குள் ஒட்டும் தார்த்தாளும், பூட்டின் அமைப்பும் சேர்ந்து அந்த ஓசையைத் தருகின்றன. அதை வேண்டிய மாதிரி அமைப்பதற்கென்றே நிறுவனங்களில் பொறியாளர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் மாமனாரிடம் சொல்லுங்கள். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிய காரைப் பார்த்து ‘டப்பா வண்டி’ என்று சொல்லிவிடுகிறோம். முன்பக்கம் மடிந்து மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் அதை அப்படிச் செய்கிறார்கள். பார்க்க வேண்டியது பயணிகள் அறையை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் லாரியின் பின்புறத்தில் மோதிய ஒரு கார் வந்தது. இன்ஜின் பகுதியே அடையாளம் தெரியவில்லை; நான்கு கதவுகளும் கையால் இழுத்தவுடன் திறந்தன. உள்ளே இருந்த மூவரும் நடந்து இறங்கியிருந்தார்கள். அதே மாதத்தில் வந்த வேறொரு காரில் பம்பரும் பானெட்டும் பாதிதான் சேதம். ஆனால் முன்தூண் வளைந்து, கதவு இறுகிப்போய், அதை வெட்டித்தான் ஓட்டுநரை வெளியே எடுத்திருந்தார்கள். இரண்டில் எது உறுதியான வண்டி என்பதை அன்று பட்டறையில் இருந்த பையன்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஐந்து நட்சத்திரம் என்று போட்டிருந்தால் அந்தக் காரின் எல்லா வேரியன்ட்டும் ஐந்து நட்சத்திரம்தானா? ஆறு ஏர்பேக் இருந்தால் போதாதா?
– மென்பொருள் பொறியாளர், ஓசூர்

நட்சத்திரத்தோடு நின்றுவிடாமல் அறிக்கையைப் படியுங்கள். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரத் என்சிஏபி என்ற இந்திய அரசின் விபத்துச் சோதனைத் திட்டத்தில் பெரியவர் பாதுகாப்புக்கு 32, குழந்தைகள் பாதுகாப்புக்கு 49 என்று மதிப்பெண் தருகிறார்கள். முன்பக்க மோதல் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், காரின் முகத்தில் 40 சதவீதம் மட்டும் படும்படி நடக்கிறது. முடிவு எந்த வேரியன்ட்டுகளுக்குப் பொருந்தும் என்பதும் அதில் இருக்கும். நீங்கள் வாங்கும் வேரியன்ட் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கார்களை மோதிச் சோதிக்கும் சர்வதேச அமைப்பான குளோபல் என்சிஏபியின் அறிக்கைகளில் இன்னும் முக்கியமான ஒரு வரி உண்டு: பாடிக்கூடு நிலையானதா, நிலையற்றதா என்பது. 2022இல் அவர்கள் சோதித்த ஹூண்டாய் கிரெட்டா மூன்று நட்சத்திரம் பெற்றது. கூடு நிலையற்றது என்று குறிப்பிட்டார்கள். அது அன்று சோதித்த வடிவத்துக்கான தீர்ப்பு. பிறகு வந்த மாற்றங்களுக்கு அதை அப்படியே ஒட்டவைக்கக் கூடாது. கூடு நிலையற்றது என்றால், அதற்கு மேல் வேகம் கூடினால் பயணிகள் அறை தாக்குப்பிடிக்கும் என்று நம்ப முடியாது. அப்படிச் சுருங்கும் அறைக்குள் ஆறு காற்றுப்பை விரிந்தாலும் கால்களுக்கு இடம் இருக்காது. காற்றுப்பை தன் வேலையைச் செய்யக் கூடு நிற்க வேண்டும், பெல்ட்டும் போட்டிருக்க வேண்டும்.

கூடு மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. டாடா நெக்ஸான் 2018 ஆகஸ்டில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ஐந்து, இந்தியாவில் தயாரான கார்களில் முதலாவதாக. நான்கு மாதத்தில் யாரும் புதுக் கூடு கட்டிவிட முடியாது. சீட் பெல்ட் நினைவூட்டல் போன்றவற்றை எல்லா வண்டியிலும் சேர்த்தார்கள். இந்த மாதிரி வசதிகளைத்தான் நான் வசதி என்று மதிக்கிறேன்.

எடையையும் நினைவில் வையுங்கள். இந்த நட்சத்திரங்களை ஏறத்தாழ ஒரே எடையுள்ள கார்களுக்கு இடையேதான் ஒப்பிடலாம். ஐந்து நட்சத்திரச் சிறிய கார் லாரியோடு போட்டி போடாது.

வீடு கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டர். முந்தைய கார் ஏழே ஆண்டில் துருப்பிடித்தது. இந்த முறை எதைப் பார்த்து வாங்குவது?
– மருந்துக்கடை உரிமையாளர், நாகப்பட்டினம்

காரின் அடியில் துருவைத் தடுக்கக் கடையில் பூசித் தரும் அடிப்பூச்சை நம்பிக் காரை வாங்காதீர்கள். எந்தக் காராக இருந்தாலும் அடிப்பகுதித் தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டா, துருவுக்குத் தனி வாரன்டி உண்டா, எத்தனை ஆண்டு என்று எழுத்தில் கேளுங்கள். டிக்கியின் தரை அட்டையைத் தூக்கி, ஸ்டெப்னி வைக்கும் குழியைப் பாருங்கள். தகடுகள் சேரும் இடமெல்லாம் அடைப்புப் பசை விடுபடாமல் ஓடியிருக்கிறதா, பெயின்ட் மூலைவரை போயிருக்கிறதா? யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நினைக்கும் இடத்தில் செய்யும் வேலைதான் அந்த நிறுவனத்தின் தரம்.

வாங்கிய பிறகு கதவின் அடி விளிம்பில் இருக்கும் சிறு துளைகளை அடைபடாமல் வைத்திருங்கள். அடிப்பூச்சு அடிப்பவர்கள் பெரும்பாலும் அவற்றையும் சேர்த்துப் பூசிவிடுகிறார்கள், உள்ளே தேங்கும் தண்ணீர்தான் கதவை அரிக்கிறது. பக்கப்படி, கூரைக் கம்பி என்று பாடியில் ஓட்டை போடும் எதுவும் வேண்டாம். மாதம் இருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவினாலே பாதி வேலை முடிந்தது.

வாராவாரம் கோவையிலிருந்து சென்னைக்கு நானே ஓட்டிப்போகிறேன். ‘அடாஸ்’ (ரேடார், கேமரா கொண்டு ஓட்டுநருக்கு உதவும் அமைப்பு) உள்ள வேரியன்ட்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கேட்கிறார்கள். தகுமா?
– ஜவுளி வியாபாரி, கோவை

உங்களுக்குத் தகும். போக வர ஆயிரம் கிலோமீட்டர் தனியாக ஓட்டுபவருக்கு விடியற்காலை மூன்று மணிக்குக் கண் ஒரு நொடி செருகும். அந்த நொடியில் முன்னால் போகும் வண்டியை ரேடாரும் கேமராவும் பார்த்துத் தானே பிரேக் பிடிக்குமானால், நான் பார்த்த பல வண்டிகள் என் பட்டறைக்கு வந்தே இருக்காது.

ஆனால் ஊருக்குள் அதை நம்ப வேண்டாம். எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டி, சென்டர் மீடியன் இடைவெளியில் குறுக்கே நுழையும் மாடு, அழிந்துபோன வெள்ளைக்கோடு ஆகியவற்றில் அது தடுமாறும். முன்கண்ணாடியை மாற்ற நேர்ந்தால் கேமராவை மறுபடி அளவு சரிசெய்ய வேண்டும்; அந்தச் செலவைக் காப்பீடு ஏற்குமா என்று முன்னரே கேட்டுவிடுங்கள். ஊருக்குள்ளேயே ஓட்டுபவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தப் பணத்தில் நல்ல டயர் போடச் சொல்லியிருப்பேன்.

ஓட்டிப் பார்க்கும்போது தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? விற்பனையாளர் பாட்டு போட்டுக் காட்டுகிறார், திரையைக் காட்டுகிறார், அதற்குள் பத்து நிமிடம் முடிந்துவிடுகிறது.
– சேலம்

பாட்டை நிறுத்துங்கள். ஏசி விசிறியையும் குறையுங்கள். அவர் சொல்லும் நல்ல சாலையை விட்டு, உங்கள் தெருவின் மோசமான சாலையில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். டேஷ்போர்டு கறகறக்கிறதா, பின்கதவிலிருந்து சத்தம் வருகிறதா? ரயில்வே கேட்டைத் தாண்டும்போது ஸ்டியரிங்கில் அதிர்வு வருகிறதா? ஆளில்லாத நேரான சாலையில் அறுபதிலிருந்து அழுத்திப் பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. பிறகு ஓட்டுவதை வேறொருவரிடம் கொடுத்துப் பின்சீட்டில் உட்காருங்கள். நடு இருக்கைக்கும் தோளைக் கடந்து வரும் பெல்ட் இருக்கிறதா என்று அங்கிருந்துதான் தெரியும்.

டெலிவரிக்கு முன் பகல் வெளிச்சத்தில் கதவுகளின் இடைவெளியை விரலால் தடவிப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டும் அது தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். ‘4025’ என்றால் 2025ஆம் ஆண்டின் நாற்பதாவது வாரம்.

பின்சக்கரத்தில் டிரம் பிரேக் இருக்கும் காரைத் தவிர்க்க வேண்டுமா?
– தாம்பரம்

காம்பாக்ட் எஸ்யூவியின் எடைக்கு டிரம் போதும். அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் பெரும்பங்கு வேலையை முன்சக்கரங்கள் செய்கின்றன. மலையேறி இறங்குபவர் டிஸ்க்கைத் தேடட்டும்.

புதுக் காருக்கு முன்பக்க இரும்புக் கம்பியும் லெதர் இருக்கை உறையும் போட்டுத் தருவதாக வெளிக்கடையில் சொல்கிறார்கள். போடலாமா?
– திருநெல்வேலி

கம்பி வேண்டவே வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதைத் தடை செய்யச் சொல்லிவிட்டது. மடிய வேண்டிய முன்பக்கத்தை அது மடியவிடாது, காற்றுப்பை சென்சாரின் கணக்கையும் குழப்பும், எதிரே நடந்து வருபவரின் இடுப்பையும் நொறுக்கும். இருக்கை உறையில் கூடுதல் கவனம் வேண்டும்: பக்கவாட்டுக் காற்றுப்பை இருக்கையின் ஓரத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தை மூடித் தடித்த நூலில் தைத்த உறை அதை விரியவிடாது. காற்றுப்பைக்கு இடம் விட்டுத் தைத்த, நிறுவனமே தரும் உறை விலை கூடுதல்தான். அதையே வாங்குங்கள், இல்லையென்றால் வெறும் துணி இருக்கையோடே ஓட்டுங்கள்.